மறுப்பு வேறு, மௌனம் வேறு

கம்பளை என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் பதினான்காம் நூற்றாண்டின் தலைநகரம் நினைவுக்கு வரும். நான்காம் புவனேகபாகுவின் காலம். 1344 இல் எழுந்த இலங்காதிலக, கடலாதெனிய விகாரைகள். இலங்காதிலகப் பாறையில் சாசனத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு அது, இரு சாராருக்கும் தவறாமல் போய்ச் சேரட்டும் என்று இருமுறை அனுப்பிய தபாலாகவே தோன்றுகிறது.

அரசர்களைப் பற்றி எழுத வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையென்றால் வழியில் எந்த இடத்தில் நின்றது என்ற கேள்வியைப் பற்றியே எழுத வந்தேன். 1990களின் பிற்பகுதியில் அந்தக் கேள்விக்குத் தானே விடை தேடிக்கொள்ளும் வழியொன்று கம்பளைக் கடைத்தெருவில் இருந்த சாதாரண மனிதனுக்கும் வாய்த்தது. கறுப்புத் திரை, அதில் துடிக்கும் சிறு கோடு, டெல்நெட் என்ற பழைய நிரல், இவ்வளவுதான் கருவி. அந்தக் கருவியின் கதையைத் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாக நான் கண்டதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கிறேன்.

கம்பளைக்கு ரயில் 1873 இல் வந்தது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேலாக இங்கிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பிய நிருபர்களின் வாழ்க்கை ரயில் நேரத்தையும் தந்திக் கந்தோரின் கதவையும் சுற்றியே நடந்தது. நான் தொழிலுக்கு வந்தபோது தந்தி தேய்ந்து தொலைநகல் வளர்ந்திருந்தது. அவசரமென்றால் தொலைபேசியில் சொல்லுக்குச் சொல் வாசிப்போம். அவசரமில்லையென்றால் கொழும்பு பஸ் சாரதியிடம் உறையைக் கொடுப்போம். பஸ்ஸில் போன செய்தி தொலைந்தால் சாரதியைக் கேட்கலாம். தொலைநகல் போகவில்லையென்றால் இயந்திரம் துண்டுக் காகிதத்தில் சொல்லிவிடும். மின்னஞ்சல் வந்தபோதுதான், அனுப்பியவனுக்கும் பெற வேண்டியவனுக்கும் நடுவில் யாரென்றே தெரியாத ஓர் இருட்டு உண்டானது.

அந்த இருட்டுக்கு அன்றைய நாட்டு நிலைமை ஒரு நிறத்தையும் கொடுத்தது. 1998 ஜூனில் யுத்தச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. 2000 மே மாதத்தில் அது இன்னும் கடுமையானது. செய்தி வரவில்லை என்று ஆசிரிய பீடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எங்களில் பலர் முதலில் நினைத்தது ஒன்றுதான்: யாரோ மறித்துவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த நினைப்பு வருவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. ஆனால் பத்திரிகைக்காரன் தன் ஊகத்தையே செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறிக்கப்பட்டதா, பழுதா என்று சொல்லச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத்தான் டெல்நெட் தந்தது.

தந்திக் காலத்தார் இதை அறிந்திருந்தார்கள். கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று காண, உத்தியோகத்தர் அடுத்த நிலையத்தை அழைப்பார். பதில் வந்தால் அதற்கடுத்ததை அழைப்பார். எந்த நிலையம் பேசவில்லையோ அதற்கு முன்னால் பழுது. காட்டு வழியே மைல் கணக்கில் நடந்து கம்பம் கம்பமாகப் பார்க்க வேண்டிய வேலையை இருந்த இடத்திலிருந்தே பாதியாகக் குறைத்துக்கொள்ளும் தந்திரம் அது. மின்னஞ்சலிலும் அப்படியே செய்யலாம் என்பது எங்களுக்குத் தெரிய நாளாயிற்று.

மின்னஞ்சலை வகுத்தவர்கள் அதைப் பேச்சாகவே வகுத்தார்கள். ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியாகக் கடிதம் அனுப்பும் வித்தையை ரே டொம்லின்சன் 1971 இல் செய்து காட்டினார். டெல்நெட் அதற்கும் மூத்தது. 1969 இலேயே அதன் முதல் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. தொலைவிலுள்ள கணினியில் உட்கார்ந்து வேலை செய்வதற்காகப் பிறந்த நிரல் அது. 1982 ஒகஸ்டில் ஜோன் பொஸ்டல் அஞ்சல் கடத்தும் நெறிமுறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்ற எழுத்துகளால் உலகம் இன்றும் அறியும் நெறிமுறை அது. இரண்டு இயந்திரங்கள் சந்தித்தால் என்ன சொல்ல வேண்டும், என்ன பதில் வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லாம் சாதாரண எழுத்து. மனிதனும் தட்டச்சு செய்யலாம், இயந்திரமும் வாசிக்கலாம். கட்டளைகள் நான்கெழுத்துக்குள் அடங்க வேண்டுமென்பதால் ஹலோ என்ற வணக்கச் சொல்லே ஓர் எழுத்தை இழந்து எச்.ஈ.எல்.ஓ. என்று நின்றது. பிற்காலத்தில் கூடுதல் வசதிகளைக் கேட்டறிய அதன் முதலிரண்டு எழுத்துகளை இடம் மாற்றி ஈ.எச்.எல்.ஓ. என்றார்கள். பொறியியலாளர்களின் நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும்.

பதில்கள் மூன்று இலக்க எண்கள். முதல் இலக்கமே தலைவிதி: 2 என்றால் சரி, 3 என்றால் மேலே சொல், 4 என்றால் இப்போது முடியாது பிறகு வா, 5 என்றால் முடியவே முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் மனிதர் வாசிக்க ஒரு வாக்கியமும் வரும். எண் இயந்திரத்துக்கு, வாக்கியம் நமக்கு. இந்த ஏற்பாட்டின் அருமையை நான் உணர்ந்தது பிற்காலத்தில், பிழையென்று மட்டும் சொல்லிக் காரணம் சொல்லாத நிரல்கள் பெருகியபோதுதான்.

இலங்கைக்கு மின்னஞ்சல் பல்கலைக்கழகங்கள் வழியாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து லேர்ன்மெயில் என்ற சேவை நடந்தது. பேராசிரியர் அபய இந்துருவவின் பெயர் அந்த முயற்சியோடு பிரிக்க முடியாதது. 1991 இல் அமெரிக்காவிலிருந்த இலங்கைக் கல்வியாளர்கள் தொடங்கிய லேக்நெட் அதற்குக் கை கொடுத்தது. அப்போது இணைப்பு நாள் முழுவதும் இருக்கவில்லை. கடிதங்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசி அழைப்பொன்றில் மொத்தமாகக் கொடுத்து மொத்தமாக வாங்குவார்கள். தபால் பை ரயிலில் ஏறுவதைப் போல. 1995 ஏப்ரலில் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் வர்த்தக இணையத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஶ்ரீலங்கா டெலிகொம்மும் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் ஊர்க் கொமினிகேஷன் கடைகளில் தொலைநகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கணினியொன்று உட்கார்ந்தது. நான் செய்தி அனுப்பிய கடையிலிருந்து கொழும்பு எண்ணொன்றைத்தான் சுழற்ற வேண்டியிருந்தது. நெடுந்தூரக் கட்டணம். மழைக்காலத்தில் தொலைபேசிக் கம்பி இரையத் தொடங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். கம்பளையில் மழைக்காலம் என்பது எவ்வளவு நீளமென்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

பேராதனைப் பல்கலைக்கழகம் பத்து மைலுக்குள் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பொறியியல் பீடத்து மாணவர் ஒருவர் விடுமுறை நாட்களில் அந்தக் கடைக்கு வருவார். செய்தி போய்ச் சேரவில்லை என்று நான் மூன்றாம் நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தபோது, “வழங்கியிடமே கேட்டுவிடலாம் அண்ணன்” என்றார். சேர்வர் என்று நாம் சொல்வதைத்தான் வழங்கி என்றார். அன்றைக்கு அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இன்றும் முறை மாறவில்லை.

முதலில், எங்கள் பத்திரிகையின் பெயரில் வரும் அஞ்சலை எந்தக் கணினி ஏற்கிறது என்று பெயர்ப் பதிவேட்டில் கேட்டார். கடிதத்தின் முகவரியிலுள்ள பெயரும் கடிதத்தை வாங்கும் கணினியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பலர் இந்த முதல் படியிலேயே வழி தவறித் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். விடை கிடைத்ததும் டெல்நெட் என்று அடித்து, அந்தக் கணினியின் பெயரையும் 25 என்ற எண்ணையும் கொடுத்தார். ஒரு கணினிக்குப் பல வாயில்கள். 25 அஞ்சலின் வாயில். சற்று நேரத்தில் திரையில் 220 என்ற எண்ணும் வழங்கியின் பெயரும் வந்தன. கொழும்பிலிருந்த இயந்திரம் கம்பளைக்கு வணக்கம் சொல்லிவிட்டது. ஆக, கம்பி சரி, நடுவழி சரி, வாயிலும் திறந்திருக்கிறது.

இவர் பதில் வணக்கம் சொன்னார், 250 வந்தது. அனுப்புபவர் யார் என்று என் முகவரியைக் கொடுத்தார், மறுபடி 250. பெறுபவர் யார் என்று செய்தியாசிரியரின் முகவரியைக் கொடுத்தார். 452 என்று வந்தது. பக்கத்தில் ஆங்கில வாக்கியம்: பெட்டியில் இடமில்லை. அவ்வளவுதான் விஷயம். தணிக்கையாளரும் இல்லை, மறித்தவரும் இல்லை. செய்தியாசிரியர் பழைய கடிதங்களை அழிக்காமல் விட்டிருந்தார்.

அப்படியானால் கடிதம் ஏன் எனக்குத் திரும்பி வரவில்லை? எண் 4 இல் தொடங்கியதால். பிறகு வா என்று சொல்லப்பட்ட கடிதத்தை எங்கள் பக்கத்து வழங்கி தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தது. அக்காலத்தில் பெருவழக்காக இருந்த சென்ட்மெயில் நிரலின் வழக்கப்படி ஐந்து நாள் முயன்ற பிறகே தோல்வி என்று அறிவிக்கும். ஐந்து நாள் என்பது செய்திக்கு ஒரு யுகம். அந்த ஐந்து நாள் மௌனத்தைத்தான் நாங்கள் சதியாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

இந்த முறையின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. வாயிலைத் தட்டியதும் மூன்றில் ஒன்று நடக்கும். 220 வந்தால் வரவேற்பு. தட்டிய மறுகணமே இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் உட்கார்ந்து கேட்க எந்த நிரலும் இல்லை என்று பொருள். அதாவது அஞ்சல் நிரல் நின்றுபோயிருக்கலாம். மூன்றாவது, எதுவுமே வராமை. கோடு துடித்துக்கொண்டேயிருக்கும், கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று உங்கள் கணினியே சலித்துச் சொல்லும். அங்கே நாம் அனுப்பிய அழைப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டது: கம்பி அறுந்திருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், அல்லது தடுப்புச் சுவரொன்று அழைப்பை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம்.

மறுப்பு பெரும்பாலும் பழுதைக் காட்டும். மௌனத்தில்தான் பழுதும் தடையும் ஒரே உருவில் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரிக்க இன்னொரு வாயிலைத் தட்ட வேண்டும். அதே கணினி 110 ஆம் வாயிலில் பேசி, 25 இல் மட்டும் மௌனமாக இருந்தால், வழியிலோ கணினியிலோ யாரோ 25 ஐ மட்டும் அடைத்திருக்கிறார்கள். பிறகு வேறொரு தொலைபேசி இணைப்பிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து 25 பேசினால் அடைப்பு நம் பக்கத்தில். சில தடுப்புச் சுவர்கள் மறுப்பையே பொய்யாகத் தயாரித்து அனுப்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகையால் ஒரே தட்டலை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. செய்தியை இரண்டு பேரிடம் உறுதிசெய் என்று எங்களுக்குக் கற்பித்த முதிய ஆசிரியர்கள் கணினியைக் கண்டதேயில்லை. ஆனால் அவர்களுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

110 என்றேன். கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவரும் பொப்3 என்ற நெறிமுறையின் வாயில் அது. கம்பளையில் டெல்நெட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உண்மையில் இந்த வாயில்தான். 1999 இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை அந்தக் கடைக்கு வந்து, கனடாவில் குடியேறியிருந்த மகளின் கடிதங்களை அச்சிட்டு எடுத்துப் போவார். திடீரென்று மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. மகள் அனுப்பினேன் என்கிறாள். இங்கே அஞ்சல் நிரல் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று பிழை என்கிறது. மாணவர் 110 இல் நுழைந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்; பட்டியல் கேட்டார். பதினொரு கடிதங்கள். மூன்றாவதன் அளவு மட்டும் 4 மெகாபைட்டுக்கு மேல். வினாடிக்கு 3 கிலோபைட் வந்தாலே பெரிது என்றிருந்த எங்கள் கம்பியில் அதை இறக்க 20 நிமிடத்துக்கு மேலாகும். மழையில் இணைப்பு பத்து நிமிடம் தாங்காது. அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடக்கம். அந்த ஒரு கடிதம் கடுகண்ணாவைக் கணவாயில் நின்றுபோன லொறியைப் போலப் பின்னால் வந்த எட்டையும் மறித்துக்கொண்டிருந்தது.

கடிதம் முழுவதையும் இறக்காமல் அதன் தலைப்பையும் முதல் சில வரிகளையும் மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்துப் பார்த்தார். பேரப்பிள்ளையின் படங்கள் என்று தெரிந்தது. பெரியவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படங்களைத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன், இதை எடுத்துவிடுங்கள் என்றார். அழிக்கும் கட்டளை கொடுத்தாயிற்று. ஆனால் பொப்3 இல் அழி என்றதும் அழியாது. முறைப்படி விடைபெற்றுக்கொண்ட பின்புதான் அழியும். விடைபெறுவதற்கு முன் இணைப்பு அறுந்தால் கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்று முதல் முறை அறுந்தது. இரண்டாம் முறை விடைபெற்றோம். மீதிப் பத்துக் கடிதங்களும் ஐந்து நிமிடத்தில் இறங்கின. அவற்றில் இரண்டு, அப்பா ஏன் பதில் எழுதவில்லை, உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டவை.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னுமொரு தனித் துன்பம் இருந்தது. 1982 இன் நெறிமுறை ஏழு பிட் எழுத்துகளுக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்துக்கு அது போதும். திஸ்கி போன்ற குறிமுறைகள் தமிழை எட்டாம் பிட்டையும் பயன்படுத்தும் மேல்பாதியில் வைத்திருந்தன. வழியிலிருந்த பழைய வழங்கி ஒன்று எட்டாம் பிட்டை வெட்டிவிட்டால் தமிழ் சிதைந்துபோகும். இலங்கை அச்சகங்களில் பரவியிருந்த பாமினி எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருந்தது. இலக்கணப்படி பார்த்தால் அது ஒரு குறுக்கு வழி. அறிஞர்கள் அதைக் குறை சொன்னதில் நியாயமுண்டு. ஆனால் அஞ்சல் வழியில் அது சேதமின்றிப் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் வழங்கிகளின் கண்ணுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எட்டு பிட்டையும் ஏற்பாயா என்று ஈ.எச்.எல்.ஓ. சொல்லிக் கேட்டால், ஏற்கும் வழங்கி தன் பட்டியலில் அதைச் சொல்லும். திஸ்கியில் எழுதுவதா பாமினியில் எழுதுவதா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்த நாட்கள் உண்டு.

இத்தனை வெளிப்படையான பேச்சுக்கு ஒரு விலை இருந்தது. அனுப்புபவர் யார் என்று கேட்டால் எந்தப் பெயரையும் சொல்லலாம், வழங்கி நம்பும். 1982 இல் வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1990களில் நிலைமை அதுவன்று. குப்பை அஞ்சல்காரர்கள் எவருடைய வழங்கியையும் இரவலாகப் பயன்படுத்தினார்கள். 1998 இல் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 அளவில் கடிதங்களைக் குவித்து முடக்க முயன்ற சம்பவம் நடந்தது. புலிகளின் பெயரைச் சார்ந்த குழுவொன்று அதற்கு உரிமை கோரியது. இணையப் போர் பற்றிய நூல்களில் அது இன்றும் முதல் உதாரணங்களில் ஒன்றாக வருகிறது. இதன் விளைவாக வாயில்கள் இறுகின. தன் பயனர் அல்லாதவருக்காகக் கடிதம் கடத்த வழங்கிகள் மறுத்தன. கடிதத்தை ஒப்படைக்க 587 என்ற தனி வாயிலை 1998 இல் வகுத்தார்கள். வீட்டு இணைப்புகளிலிருந்து 25 ஆம் வாயிலை இணைய நிறுவனங்கள் அடைக்கத் தொடங்கின. அன்று கம்பளையில் நாங்கள் செய்த சோதனையை இன்று வீட்டு இணைப்பிலிருந்து செய்தால் பல நாடுகளில் மௌனமே பதிலாகக் கிடைக்கும். அந்த மௌனம் உங்களைக் குறிவைத்ததன்று.

இன்னொரு குறையும் இருந்தது. கடவுச்சொல் கம்பியில் அப்படியே போனது. யுத்தகாலத்து நிருபன் ஒருவனுக்கு அது சிறிய விஷயமா? 1999 இல் அஞ்சல் பேச்சின் நடுவிலேயே திரையை இழுத்து மூடிக்கொள்ளும் ஸ்டார்ட்டிஎல்எஸ் முறை வகுக்கப்பட்டது. அதன் பிறகு டெல்நெட்டால் வாசல்படி வரையே போக முடியும். உள்ளே நடப்பது மறையாக்கத்தில். 2007 இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது டெல்நெட் தானாக நிறுவப்படாமல் பின்கட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற தொகுப்பிலுள்ள எஸ்-கிளையண்ட் எடுத்துக்கொண்டது. மறையாக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். பேச்சை நாம் பேசலாம். அதில் ஒரு வேடிக்கை: பெரிய எழுத்து ஆர் கொண்டு வரி தொடங்கினால், அது தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு மறையாக்கத்தை மீண்டும் பேசப் புறப்படும். பெறுபவரைச் சொல்லும் ஆர்.சி.பி.டி. கட்டளை அதே எழுத்தில் தொடங்குவதால் வழங்கிக்குப் போய்ச் சேராது. சிறிய எழுத்தில் அடித்தால் தீர்ந்தது. இது தெரியாமல் வழங்கியைத் திட்டிய இளைஞர்களைப் பிற்காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன்.

மறையாக்கம் வந்த பிறகு பழுதின் முகமும் மாறியது. கம்பி சரி, வாயில் சரி, ஆனால் சான்றிதழ் காலாவதி. 2021 செப்டெம்பர் 30 ஆம் திகதி, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது உலகெங்கும் பழைய கருவிகள் திகைத்து நின்றன. எங்கள் பக்கத்தில் அதைவிட எளிய காரணமும் உண்டு. தாய்ப்பலகையின் பற்றரி தீர்ந்த பழைய கணினி, தன்னைப் பல ஆண்டுகளுக்கு முன்னால் இருப்பதாக எண்ணிக்கொண்டு, இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று அடம் பிடிக்கும். திகதியைத் திருத்தினால் அஞ்சல் ஓடும்.

மௌனத்தின் பெரிய உதாரணம் 2004 ஒகஸ்டில் வந்தது. கொழும்புக்கருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, நாட்டின் வெளிநாட்டு இணைய இணைப்பின் பெரும்பகுதி அற்றுப்போனது. அறிவிப்பு வருவதற்கு முன் என்னென்னவோ வதந்திகள். உள்நாட்டு வழங்கிகள் 220 சொல்லின. கடல் கடந்தவை ஒன்றும் சொல்லவில்லை. தந்தி உத்தியோகத்தரின் பழைய கணக்குத்தான்: கரை வரைக்கும் நிலையங்கள் பேசுகின்றன, அதற்கப்பால் இல்லை.

2018 மார்ச்சில் திகன வன்முறை. கண்டி மாவட்டம் எரிந்துகொண்டிருக்க, 7 ஆம் திகதி முதல் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் முடக்கப்பட்டன. மாத நடுவில்தான் விடுவிக்கப்பட்டன. கம்பளையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். வெளிநாட்டிலிருந்த அவர்களின் பிள்ளைகள் செய்தி கிடைக்காமல் தவித்தார்கள். அன்று கொழும்பிலிருந்த என்னிடம் பலர் கேட்டது, மின்னஞ்சலையும் நிறுத்திவிட்டார்களா என்பது. முனையத்தைத் திறந்து நான்கு வழங்கிகளைத் தட்டினேன். நான்கும் வணக்கம் சொன்னன. நிறுத்தவில்லை என்று உறுதியாகப் பதில் எழுத முடிந்தது. ஊகத்தை எழுதியிருந்தால் அதுவும் அன்றைய வதந்திகளில் ஒன்றாகியிருக்கும்.

இன்றைக்கு இந்தக் கருவியின் எல்லை சுருங்கித்தான் இருக்கிறது. 2022 இல் கூகிளும் மைக்ரோசொப்டும் வெறும் கடவுச்சொல்லோடு வரும் பழைய நுழைவு முறைகளைப் பெருமளவில் மூடின. கையால் தட்டச்சு செய்து பெட்டிக்குள் நுழைவது எளிதன்று. 2024 பெப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புபவர்கள் தங்கள் அடையாளத்தைப் பலவகையில் நிரூபிக்க வேண்டும் என்று கூகிள் விதித்தது. கடிதத்தின் முடிவில் ஒற்றைப் புள்ளியை வைத்து 250 வாங்கினால் பொறுப்பு அந்த வழங்கிக்குப் போய்விட்டது என்பதே பொருள். பதிவுத் தபாலுக்குக் கிடைக்கும் ரசீது அது. பெற்றவர் கண்ணில் பட்டதா, குப்பைப் பெட்டிக்குப் போனதா என்பதை 250 சொல்லாது. அதற்கப்பால் பெரிய நிறுவனங்களின் உள்வீடு. அங்கே எந்த எண்ணும் நமக்குக் கேட்காது.

ஒரு புதிய கேள்விக்கு மட்டும் பழைய கருவி இன்னும் நேரடியாக விடை சொல்கிறது. 2010 இல் இலங்கைக்கு .இலங்கை, .ලංකා என்ற களப்பெயர்கள் கிடைத்தன. 2012 இல் தமிழ் போன்ற மொழிகளிலேயே முழு அஞ்சல் முகவரியையும் எழுத இடந்தரும் நெறிமுறை வெளிவந்தது. 2014 இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாற ஒப்புக்கொண்டது. உங்கள் அலுவலக வழங்கி ஒப்புக்கொள்கிறதா என்று அறிய விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. முனையத்தைத் திறந்து ஈ.எச்.எல்.ஓ. என்று அடியுங்கள். வரும் பட்டியலில் எஸ்.எம்.டி.பி.யூ.டி.எஃப்.8 என்ற வரி இருந்தால் தமிழ் முகவரியை அது அறியும். அந்த வரி இல்லாத வழங்கிகள் இன்னும் பல. அவற்றிடம் பெறுபவர் பெயரைத் தமிழில் கொடுத்தால் 5 இல் தொடங்கும் எண் ஒன்று வரும்.